தொடக்கநிலையில் ஆங்கில இலக்கணம்: பெங்களூர்த் திட்டமும் அது தொடாத வினாவும்

ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்கத் தொடங்கும் மாணவருக்கு அம்மொழியின் இலக்கணத்தை எப்போது, எவ்வளவு, எம்மொழியில் அறிமுகப்படுத்துவது என்னும் வினா இந்தியாவில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. இவ்வினாவின் முதலிரு கூறுகளைப் பற்றி மிகுதியாக எழுதப்பட்டுள்ளது. மூன்றாவது கூறு பெரும்பாலும் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. தென்னிந்தியாவில் இப்பொருள் குறித்து நிகழ்ந்த முயற்சிகளுள் உலக அளவில் பெயர்பெற்றது 1979 முதல் 1984 வரை நடைபெற்ற 'பெங்களூர்த் திட்டம்' ஆகும். இத்திட்டம் முதலிரு கூறுகளுக்குத் துணிவான விடை தந்தது. 'எப்போது' என்பதற்கு 'வெளிப்படையாக ஒருபோதும் இல்லை' என்றும், 'எவ்வளவு' என்பதற்குப் 'பாடத்திட்டத்தில் ஒன்றும் இல்லை' என்றும் அதன் விடையைச் சுருக்கலாம். மூன்றாவது கூற்றை அது வினாவாகவே கருதவில்லை. அத்திட்டத்தின் வலிமையையும் இந்த விடுபாட்டையும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவரை முன்னிறுத்தி, இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயர் பற்றி

திட்டத்தின் முறையான பெயர் 'கம்யூனிகேஷனல் டீச்சிங் புராஜெக்ட்' என்பது. 'கம்யூனிகேட்டிவ்' என்னும் வழக்குச் சொல்லை விடுத்துக் 'கம்யூனிகேஷனல்' என்னும் சொல்லைத் தேர்ந்தது தற்செயல் அன்று. அக்காலத்தே ஐரோப்பாவில் பரவிவந்த கம்யூனிகேட்டிவ் முறை, சமூகச் சூழலுக்கேற்ற மொழிப்பயன்பாட்டைக் கற்பித்தலை நோக்கமாகக் கொண்டது. பெங்களூர்த் திட்டத்தை வகுத்த என். எஸ். பிரபுவின் நோக்கம் அதுவன்று. மாணவருக்கு இலக்கணத்திறன் வாய்க்கவேண்டும் என்பதே அவரது நோக்கம்; கருத்துப்பரிமாற்றம் அதற்கு வழி மட்டுமே. தமிழில் இவ்விரு சொற்களையும் 'கருத்துப்பரிமாற்ற முறை' என்றே பெயர்த்துவிடுவதால், இலக்கணத்தை மையமாகக் கொண்ட ஒரு திட்டம் இலக்கணத்தைப் புறக்கணித்த திட்டமாகத் தமிழ் வாசகர்க்குத் தோற்றமளிக்கிறது. ஆசிரியர் பயிற்சிக்கான தமிழ் நூல்களை மொழிபெயர்ப்போர் கருத்தில் கொள்ளவேண்டிய வேறுபாடு இது.

பின்புலம்

1950களில் சென்னை மாநிலத்தில் அமைப்புமுறைப் பாடத்திட்டம் நிலைபெற்றது. ஆங்கிலத் தொடரமைப்புகளை எளிமையிலிருந்து அருமை நோக்கி வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் வகுப்பறையில் ஒரு சூழலை உருவாக்கி, வாய்மொழிப் பயிற்சியால் பதியவைப்பது இதன் முறை. இதனைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் கொண்டு செல்வதற்கென 1950களின் இறுதியில் ஒரு பெரும் பயிற்சி இயக்கம் நடைபெற்றது. பயிற்சி பெற்றவர் பிறருக்குப் பயிற்சி அளிக்க, அவர்கள் மேலும் பலருக்கு அளிப்பர் என்னும் திட்டம் ஆதலின் 'சென்னைப் பனிப்பந்து' என்று அது பெயர்பெற்றது. (பனி விழாத ஊரில் இப்பெயர் எவருக்கு விளங்கியதோ தெரியவில்லை.) அவ்வியக்கம் பற்றி டி. ஏ. ஸ்மித் 1962இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, தொடக்கநிலை மாணவர்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்க்கு மறுபயிற்சி அளிக்கும் முயற்சி என அதனைக் குறிப்பிடுகிறது. 1963இல் பெங்களூருவில் நிறுவப்பெற்ற தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனமும் ஆசிரியர் பயிற்சியையே முதன்மைப் பணியாகக் கொண்டது.

அமைப்புமுறையின் முதற்பாடத்தை நோக்குவோம். ஆசிரியர் புத்தகத்தைக் கையில் உயர்த்தி 'திஸ் இஸ் எ புக்' என்பார். மாணவர் திருப்பிச் சொல்வர். சூழல் தெளிவாக இருப்பதால் பொருளில் ஐயமில்லை. ஆனால், 'இது புத்தகம்' என்று இரண்டு சொற்களால் முழுத்தொடர் அமைக்கும் மாணவர் முன் நான்கு சொற்கள் நிற்கின்றன. எஞ்சிய இரண்டும் எதற்காக வந்தன? இவ்வினா மாணவர் மனத்தில் எழுந்தாலும் அதற்கு வகுப்பில் இடமில்லை. 'ஏன்' என்று கேளாமல் பழக்கத்தால் பற்றிக்கொள்வதே மொழி என்பது அம்முறைக்கு அடிப்படையான நடத்தையியல் கொள்கை. பல ஆண்டுகள் இவ்வாறு பயின்ற பின்னும், வகுப்பில் பிழையின்றிச் சொன்ன தொடரை வெளியே வேண்டும்போது மாணவரால் பயன்படுத்த இயலவில்லை என்னும் குறை ஆசிரியரிடையே பரவலாக எழுந்தது. பிரபுவின் சிந்தனை இங்குதான் தொடங்குகிறது.

வகுப்பறையில் நிகழ்ந்தது

பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய பிரபு, பெங்களூரு நிறுவனத்தின் துணையோடு இத்திட்டத்தைத் தொடங்கினார். பெங்களூரு, சென்னை உள்ளிட்ட இடங்களின் பள்ளிகளில் எட்டு வகுப்புகள், ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை, இம்முறையில் கற்பிக்கப்பட்டன. மாணவர் 8 வயது முதல் 15 வயது வரையிலானோர். பாடத்திட்டத்தில் சொற்பட்டியல் இல்லை. தொடரமைப்புப் பட்டியலும் இல்லை. அதன் இடத்தில் 'பணி'களின் வரிசை இருந்தது. புகைவண்டிக் கால அட்டவணை, ஊர் வரைபடம், நாட்காட்டி, பள்ளி நேர அட்டவணை, விலைப்பட்டியல் முதலியவற்றைக் கொண்டு ஒரு விடையைக் கண்டறிவதே பணி.

ஒரு பணி இருமுறை நிகழும். முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதையும் வைத்துக்கொண்டு வினாவிடையாக அதைச் செய்து காட்டுவார். பின்னர் அதையொத்த மற்றொரு பணியை மாணவர் தனித்தனியே செய்வர். வகுப்பில் பாதிப்பேராவது பணியில் பாதியையாவது சரியாகச் செய்தால் அப்பணி தகுந்த கடுமை உடையது எனக் கொள்ளப்பட்டது. எளிமையும் அழகும் உடைய அளவுகோல் இது. மொழியியலார் வகுக்கும் அளவுகோல்களுள் வகுப்பறையில் நிற்கக்கூடியவை சிலவே. குழுப்பணியைப் பிரபு ஏற்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. கற்போர் ஒருவரையொருவர் கேட்டுக் கற்பின், குறையுடைய ஆங்கிலமே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் என்று அவர் கருதினார்.

பணிகளைத் தகவல் இடைவெளி, தருக்க இடைவெளி, கருத்து இடைவெளி என மூவகைப்படுத்திய பிரபு, தருக்க இடைவெளிப் பணிகளே தொடக்கநிலைக்கு ஏற்றவை என்னும் முடிவுக்கு வந்தார். காலை 7.15க்குப் பெங்களூருவில் புறப்பட்டு 12.45க்குச் சென்னையை அடையும் வண்டியின் பயண நேரம் எவ்வளவு, பிற்பகல் 1 மணிக்குச் சென்னையில் இருக்கவேண்டிய ஒருவருக்கு இவ்வண்டி பொருந்துமா என்றாற்போன்றவை அவ்வகைக்கு எடுத்துக்காட்டாகும். மனம் விடையைத் தேடி உழைக்கும். அவ்வுழைப்பின் ஊடே மொழியின் அமைப்பு தானறியாமல் உள்ளத்தில் உருப்பெறும் என்பது கருதுகோள். பொருளில் கவனம் செலுத்தும்போதே இலக்கணம் நன்கு அமையும் என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம். பிழைத்திருத்தம் இல்லாமலில்லை. மாணவர் தவறாகச் சொன்னால் ஆசிரியர் சரியான வடிவத்தைச் சொல்லிக் கடந்து செல்வார். ஆனால், நின்று விளக்குவதும் அதற்கெனப் பயிற்சி அளிப்பதும் விலக்கப்பட்டன.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் ஸ்டீபன் கிராஷன் வகுத்த உள்ளீட்டுக் கொள்கையோடு இதனை ஒன்றாக வைத்துப் பேசுவது வழக்கம். கிராஷனுக்குப் புரியத்தக்க உள்ளீடு போதும். பிரபுவுக்கோ புரிந்துகொள்ளும் முயற்சியே முதன்மை. இவ்வேறுபாட்டை மறந்தால், மாணவர்முன் ஆங்கிலத்தைக் கொட்டினாலே இலக்கணம் வந்துவிடும் என்னும் எளிய முடிவைப் பிரபுவின்மேல் ஏற்றிவிடுவோம்.

மதிப்பீடு

திட்டத்தின் இறுதியில் ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிசும் அதனை மதிப்பிட்டு 1985இல் முடிவுகளை வெளியிட்டனர். நான்கு பள்ளிகளில் திட்டவகுப்பு மாணவரும் அமைப்புமுறையில் பயின்ற மாணவரும் ஒப்பிடப்பட்டனர். ஒவ்வொரு முறைக்கும் இயல்பாகச் சாதகமான தேர்வு ஒன்றும், எம்முறையையும் சாராத தேர்வுகள் சிலவும் வைக்கப்பட்டன. எதிர்பார்த்தவாறே அமைப்புத் தேர்வில் அமைப்புமுறை மாணவரும், பணித்தேர்வில் திட்டவகுப்பு மாணவரும் மேம்பட்டனர். சூழலில் பொதிந்த இலக்கணத் தேர்வு உள்ளிட்ட நடுநிலைத் தேர்வுகளின் முடிவு பொதுவாகத் திட்டவகுப்புகளுக்குச் சாதகமாக இருந்தது. பொருளில் மட்டும் கவனம் செலுத்தியும் இலக்கணம் அமையக்கூடும் என்னும் கருதுகோளுக்கு இது ஓரளவு வலிமை சேர்ப்பதாக மதிப்பீட்டாளர் கருதினர்.

ஆயினும், இம்முடிவை அளவுக்கு மீறி விரித்துரைத்தல் கூடாது. வகுப்புகள் முன்பே அமைந்திருந்தவை. மாணவர் ஆய்வுக்கெனப் பிரிக்கப்பட்டவர் அல்லர். திட்டவகுப்பு ஆசிரியருட் பலர் ஆங்கிலத்தில் தேர்ந்தவர், பயிற்சித்துறையைச் சார்ந்தவர். வென்றது முறையா, ஆசிரியரா என்று பிரித்தறிவது அரிது. பெரெட்டாவே 1990இல் எழுதிய மற்றொரு கட்டுரையில், பள்ளியின் வழக்கமான ஆசிரியர்கள் இம்முறையைத் தமதாக்கிக்கொள்வதில் இடர்ப்பட்டதைக் காட்டினார். பயிற்சித்துறையிலிருந்து வந்தவருக்கு எளிதாக இருந்தது, நாள்தோறும் அவ்வகுப்பில் நிற்கவேண்டியவருக்கு எளிதாக இருக்கவில்லை. ஆங்கிலத்தில் தாமே தடுமாறும் ஆசிரியர், பாடநூலின் தொடரமைப்புப் பட்டியலை ஊன்றுகோலாகப் பற்றியிருப்பவர். அதைப் பறித்துவிட்டு, 'வாய்க்கு வந்த இயல்பான ஆங்கிலத்தில் வினாக்களைத் தொடுங்கள்' என்றால் அவர் என் செய்வார்?

தவிர்க்கக்கூடிய சொற்கள்

மேற்கூறிய இடர்ப்பாடு நடைமுறை சார்ந்தது. மொழியியல் சார்ந்த வேறோர் இடர்ப்பாடும் உண்டு. அது மேலும் அடிப்படையானது. 'வென் டஸ் தி ட்ரெயின் ரீச் மெட்ராஸ்?' என்று ஆசிரியர் கேட்கிறார். மாணவர் கால அட்டவணையைப் பார்த்து '12.45' என்கிறார். விடை சரி, பணி நிறைவேறியது. அவ்விடைக்கு மாணவர் அறியவேண்டியவை 'வென்', 'ட்ரெயின்', 'ரீச்', 'மெட்ராஸ்' என்னும் நான்கு சொற்களே. 'டஸ்' எதற்கு வந்தது, 'தி' எதற்கு வந்தது, 'ரீச்' என்பதன் இறுதியில் இருக்கவேண்டிய மூன்றாமிடத்து விகுதி 'டஸ்' என்பதற்குத் தாவிவிட்டது என்பனவெல்லாம் காதில் விழுந்தும் கருத்தில் விழாமல் போகின்றன. மனம் எவ்வளவு உழைத்தாலும் அவ்வுழைப்பு இச்சொற்களைத் தொடுவதில்லை. தொடவேண்டிய தேவை இல்லை.

கற்போர் பொருள்தரும் சொற்களையே முதலில் பற்றிக்கொண்டு இலக்கணச் சொற்களைக் கடந்துபோவர் என்பதைப் பில் வான்பேட்டன் போன்றோர் பின்னர் விரிவாக ஆராய்ந்தனர். 1965இல் கனடாவின் செயின்ட் லாம்பர்ட்டில் தொடங்கிய பிரெஞ்சுமொழி மூழ்குமுறை வகுப்புகளில் பயின்ற ஆங்கிலச் சிறாரும், பல்லாண்டு பிரெஞ்சில் பாடங் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனில் தேர்ந்தும், பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகளை விடாதிருந்தனர். மெரில் சுவெயின் 1985இல் இதனைச் சுட்டிக்காட்டி, கேட்டல் மட்டும் போதாது என வாதிட்டார். 1990களில் மைக்கேல் லாங் முன்வைத்த கொள்கையோ, பொருளை முதன்மையாகக் கொண்ட வகுப்பினுள் தேவை எழும்போது வடிவத்தின்மீதும் கவனத்தைத் திருப்புவது. பெங்களூர்த் திட்டத்திற்குப் பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் இத்திசையிலேயே சென்றுள்ளன. பொருளே முதன்மை என்னும் பிரபுவின் அடிக்கோள் அழியவில்லை. விளக்கம் ஒருபோதும் வேண்டா என்னும் பகுதியே தேய்ந்தது.

அவ்வாறு கவனத்தைத் திருப்புவதாயின், எச்சொற்களின்மீது, எம்மொழியில் திருப்புவது? இங்குத்தான் மூன்றாவது வினா வந்து நிற்கிறது. பெங்களூர்த் திட்ட வகுப்புகளில் தாய்மொழி தடைசெய்யப்படவில்லை. மாணவர் தம் மொழியில் விடை சொன்னால் ஆசிரியர் ஏற்றார். அருஞ்சொல்லுக்கு எப்போதேனும் தாய்மொழிப் பொருளும் சொன்னார். ஆனால், தாய்மொழி அங்குப் பொறுத்துக்கொள்ளப்பட்ட விருந்தாளி. மாணவரின் உள்ளத்தில் ஏற்கெனவே ஒரு முழு இலக்கணம் குடியிருக்கிறது என்னும் உண்மைக்குத் திட்டத்தின் கொள்கையில் இடமில்லை.

தமிழ்வழி நூல்களின் நிலை

தாய்மொழிக்கு இடமளித்தவை வேறு நூல்கள். தமிழ்வழி ஆங்கிலம் கற்பிக்கும் நூல்கள் நூற்றாண்டுக்கு மேலாக வெளிவருகின்றன. முப்பது நாளில் ஆங்கிலம் என்னும் தலைப்பில் அமைந்தவை இன்றும் பேருந்து நிலையக் கடைகளில் விற்பனையாகின்றன. கல்வியாளர் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. பள்ளியில் ஆங்கிலம் வாய்க்காமல், வேலை தேடும் வயதில் தாமே முயன்று கற்க முற்படும் பல்லாயிரவருக்கு இவையே ஆசிரியர் என்பதை நோக்கின், இப்புறக்கணிப்பு சரியன்று. ஆனால், இந்நூல்கள் தாய்மொழியைப் பயன்படுத்தும் முறை வருந்தத்தக்கது. இவை தமிழைப் பெயர்ச்சீட்டு ஒட்டவும் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதவும் மட்டுமே கையாளுகின்றன.

பெயர்ச்சீட்டை முதலில் காண்போம். 1930களில் வெளிவந்த ரென், மார்ட்டின் இலக்கணம் இந்தியப் பள்ளிகளில் நிலைநிறுத்திய எண்வகைச் சொற்பாகுபாடு கிரேக்க, இலத்தீன் மரபு வழிவந்தது. தமிழ்வழி நூல்கள் அதனை அப்படியே ஏற்று, 'அட்ஜெக்டிவ்' என்பதைப் 'பெயர் உரிச்சொல்' என்றும் 'அட்வெர்ப்' என்பதை 'வினை உரிச்சொல்' என்றும் பெயர்த்தன. தமிழ் மரபில் உரிச்சொல் என்பது 'சால', 'உறு', 'தவ', 'நனி' முதலியவற்றைக் குறிக்கும். 'நல்ல மாணவன்' என்பதில் 'நல்ல' குறிப்புப் பெயரெச்சம் என்று தமிழ் வகுப்பில் கற்ற மாணவர், அடுத்த மணிநேரத்தில் 'குட்' என்பதைப் பெயர் உரிச்சொல் என்று கற்கிறார். தொழில் ஒன்று, பெயர் இரண்டு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு வழியே இல்லாமற்போகிறது. 'பெயரடை', 'வினையடை' என்னும் சொற்கள் பிற்காலத்தில் வழக்குக்கு வந்து இக்குழப்பத்தைக் குறைத்துள்ளன. பழைய நூல்களின் மறுபதிப்புகளில் குழப்பம் தொடர்கிறது.

'எழுவாய்' என்பது இன்னும் சிக்கலானது. தமிழில் எழுவாய் முதல் வேற்றுமையின் பெயருமாகும். 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குத் தமிழ் தெரியும்', 'எனக்கு இரண்டு தம்பிகள்' ஆகிய தொடர்களில் உணர்பவரும் அறிபவரும் உடையவரும் நான்காம் வேற்றுமையில் வருவர். ஆங்கிலம் இம்மூன்றிலும் 'ஐ' என்றே தொடங்கும். ஆங்கிலத்தின் 'சப்ஜெக்ட்' என்பது இடத்தால் அமைவது. நிரப்ப ஆளில்லாவிட்டால் 'இட் இஸ் ரெய்னிங்' என்று வெறும் 'இட்' கொண்டாவது அவ்விடத்தை நிரப்பும். இதை விளக்குவதற்கு மாறாக நூல்கள் என்ன செய்கின்றன? 'ஐ ஹேவ் எ புக்' என்பதற்கு 'நான் ஒரு புத்தகத்தை உடையவனாயிருக்கிறேன்' என்னும் பாங்கில் பொருள் எழுதுகின்றன. அவ்வாறு பேசும் தமிழர் எவரும் இலர். 'என்னிடம் ஒரு புத்தகம் இருக்கிறது' என்பதே தமிழ். ஆங்கிலத்தை விளக்கும் பொருட்டுத் தமிழை ஒடித்து ஆங்கிலத்தின் வடிவில் வளைத்தால், மாணவருக்கு ஆங்கிலமும் விளங்காது. தம் மொழியின் அமைப்பு பற்றிய உணர்வும் மழுங்கும்.

முன்னிடைச் சொற்களுக்கும் இதே கதிதான். 'இன்' என்பதற்கு 'இல்' என்று பொருள் எழுதிவிட்டால் போதுமா? 'காரில்', 'பேருந்தில்', 'வீட்டில்' என மூன்றிலும் தமிழுக்கு ஓர் உருபே போதும். ஆங்கிலம் முறையே 'இன்', 'ஆன்', 'அட்' என மூன்று சொற்களை வேண்டும். 'டூ' என்னும் துணைவினைக்குச் 'செய்' என்று பொருள் எழுதும் நூல், 'டூ யூ நோ?' என்னும் எளிய வினாவையே விடுகதையாக்கிவிடுகிறது.

வேற்றுமை உருபு கற்பிக்கக்கூடியது

தாய்மொழியைக் கொண்டு இலக்கணம் அறிமுகப்படுத்துதல் என்பது பெயர்த்துச் சொல்லுதல் அன்று; மாணவர் அறியாமலே அறிந்துவைத்துள்ள ஒரு வேறுபாட்டை அவர் கண்முன் எடுத்துக்காட்டி, 'ஆங்கிலம் இதனை வேறிடத்தில் வைத்திருக்கிறது' என்று சுட்டுதல். 'எ', 'தி' என்னும் ஆர்ட்டிகிள்களை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை. ஆகவே இது தமிழர்க்கு முற்றிலும் புதியது, பழகித்தான் வரவேண்டும் என்பது பொதுக்கருத்து. முதற்கூற்று உண்மை, இரண்டாவது முழு உண்மையன்று.

'கடைக்குப் போய்ப் புத்தகம் வாங்கினேன்.' 'கடைக்குப் போய்ப் புத்தகத்தை வாங்கினேன்.' இவ்விரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக்காட்டி, 'எதில் கேட்பவருக்கு எந்தப் புத்தகம் என்பது முன்பே தெரியும்?' என்று எட்டு வயதுத் தமிழ்ச் சிறுவரைக் கேட்டால், இரண்டாவதைச் சுட்டுவதற்கு அவருக்கு இலக்கணப் பாடம் வேண்டியதில்லை. அஃறிணைப் பெயர் செயப்படுபொருளாக வருமிடத்து, 'ஐ' உருபு விரிந்து நிற்பது பெரும்பாலும் குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும். தொக்கு நிற்பது அவ்வாறு சுட்டாது. மரபிலக்கணம் இதனை இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று வகைப்படுத்தி நிறுத்திக்கொள்ளும். தொகாமையும் தொகையும் தரும் பொருள் வேறுபாட்டை இக்கால மொழியியலாரே விரித்துரைத்தனர். அறிந்த பொருள், அறியாப் பொருள் என்னும் வேறுபாடு தமிழ் மாணவருக்கு இல்லாததன்று. ஆங்கிலம் அதனைப் பெயருக்கு முன்னே ஒரு சொல்லாக, எல்லா இடத்தும் காட்டுகிறது; தமிழ் அதனைப் பெயருக்குப் பின்னே ஓர் உருபாக, ஓரிடத்து மட்டும் காட்டுகிறது.

இவ்வொப்புமைக்கு எல்லையுண்டு. உயர்திணைப் பெயரில் 'ஐ' ஏறத்தாழக் கட்டாயமாக வரும்: 'ஆசிரியரைப் பார்த்தேன்' என்பதே வழக்கு. எழுவாய் இடத்தில் இது பயன்படாது. சூரியன் போன்ற ஒருபொருட் பெயர்களின் முன் 'தி' வருவதும், 'கோ டு ஸ்கூல்' என்பதில் வாராமையும் இதனால் விளங்கா. ஆயின், தொடக்கநிலைக்கு வேண்டியது முழு விளக்கமன்று. கதவைத் திறக்கும் ஒரு விளக்கமே. முழு விளக்கம் பணிகளினூடே, பிரபு சொன்ன முறையிலேயே, காலப்போக்கில் அமையலாம்.

வினைக்கும் இத்தகைய வாயில்கள் உள. வினா விகுதி 'ஆ' தமிழில் எச்சொல்லோடும் சேரும்: 'அவன் வந்தானா?', 'அவனா வந்தான்?', 'நேற்றா வந்தான்?' எச்சொல்லைக் கேட்கிறோமோ அதனோடு விகுதி ஒட்டும். ஆங்கிலத்தில் அவ்வுரிமை இல்லை; வினா எதைப் பற்றியதாயினும் துணைவினையே முன்னே வந்து நிற்கவேண்டும், துணைவினை இல்லையேல் 'டூ' கடன்பட்டு வரும். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். 'வந்திருக்கிறான்' என்பதைக் கொண்டு 'ஹேஸ் கம்' என்பதை அறிமுகப்படுத்துவது எளிது. ஆனால், 'நேற்று வந்திருக்கிறான்' என்பது தமிழில் பிழையன்று, ஆங்கிலத்தில் அதன் நேர்வடிவம் பிழை என்பதையும் உடனே சொல்லியாகவேண்டும். ஒப்புமை எங்கு முடிகிறது என்று சொல்லாத ஒப்புமை, மொழிபெயர்ப்பாளர் நன்கறிந்த போலி நண்பனைப் போன்றது.

இளமையாகிவரும் தொடக்கம்

பெங்களூர்த் திட்டம் தன் ஊரில் நிலைபெறவில்லை. ஆயினும், பொருள் வளமிக்க மொழிச்சூழலை வற்புறுத்தும் 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பின் ஆங்கிலக் கற்பித்தல் அறிக்கையில் அதன் எதிரொலியைக் கேட்கலாம். 2007இல் கருநாடக அரசு தன் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தை ஒரு பாடமாக்கியது. தொடக்கநிலை மாணவர் என்பவர் இப்போது ஆறு வயதினர். ஆறு வயதினருக்கு வேற்றுமை உருபு பற்றிப் பேச இயலாது. அவ்வயதில் பொருளும் கதையும் விளையாட்டுமே வழி. ஆனால், பெங்களூர்த் திட்டத்தின் சான்றுகள் எட்டு முதல் பதினைந்து வயதினரிடமிருந்து வந்தவை. கால அட்டவணையைப் படித்துத் தருக்கம் செய்யக்கூடிய அம்மாணவர், இரண்டு தமிழ்த் தொடர்களை ஒப்பிட்டுப் பார்க்கவும் கூடியவரே. தருக்க இடைவெளிப் பணிக்கு வேண்டிய அறிவு முயற்சியைத் தம் மொழியின்மீதும் செலுத்துமாறு அவரை ஏன் கேட்கவில்லை என்பதே அத்திட்டத்தின்மேல் எழும் முதன்மையான வினா. பணியின் பொருள் மொழிக்கு வெளியேதான் இருக்கவேண்டும் என்பதில்லை. மொழியையே ஒரு புதிராக மாணவர்முன் வைக்கலாம்.

இதற்கு வேண்டிய குறிப்புகளை எழுதக்கூடியவர் ஆங்கில ஆசிரியர் மட்டுமல்லர். எந்தத் தமிழ்த்தொடர் எங்கே ஆங்கிலத்தோடு ஒட்டும், எங்கே வழுக்கும் என்பதை நாள்தோறும் கைப்பட அறிபவர் மொழிபெயர்ப்பாளர். அவ்வறிவு கலைச்சொல் அகராதிகளில் சேர்கிறதேயன்றிப் பள்ளி ஆசிரியர் கையேட்டுக்கு வந்து சேர்வதில்லை.

பெங்களூருவைப் பொறுத்தவரை இதில் மேலும் ஒரு தடை உண்டு. அந்நகரின் அரசுப் பள்ளி வகுப்பு ஒன்றில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது பேசும் சிறார் அருகருகே அமர்ந்திருப்பர். பல தாய்மொழிகள் இருக்குமிடத்துத் தாய்மொழிவழி விளக்கம் இயலாது என்பது வழக்கமான மறுப்பு. ஆனால், உருப்படி உருப்படியாகப் பார்த்தால் நிலைமை அவ்வாறில்லை. 'இஸ்' என்னும் இணைப்பு வினையில் வகுப்பு இரண்டாகப் பிரிகிறது: கன்னடத்தில் 'இது புஸ்தக', தெலுங்கில் 'இதி புஸ்தகம்', தமிழில் 'இது புத்தகம்' என வினையின்றியே தொடர் முடியும், உருதுவிலோ 'யே கிதாப் ஹை' என இணைப்பு வினை இருக்கிறது. உருதுச் சிறாருக்கு அங்கு விளக்கமே வேண்டியதில்லை. 'டூ' என்னும் துணைவினையில் நால்வரும் ஒரே பக்கம்: எம்மொழியிலும் வினா அமைக்க அத்தகைய வினை வேண்டா. அஃறிணைச் செயப்படுபொருளின் உருபிலும் நால்வரும் ஏறத்தாழ ஒரே பக்கம். கன்னடத்தின் 'அன்னு', தெலுங்கின் 'னி', உருதுவின் 'கோ' ஆகியவையும் அறிந்த பொருளின்மீது விரிந்து வருபவை, பொதுப்பட வருங்கால் தொகுபவை. ஆசிரியர் ஒரு கன்னடத் தொடரிணையைக் கரும்பலகையில் எழுதி, 'உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்?' என்று மற்ற மூவரையும் கேட்கலாம். அவர்கள் தரும் விடைகளை அதன் கீழே எழுதிய பின்னர், ஐந்தாவது வரியாக ஆங்கிலத் தொடர் வரும்.